அளவறிந்த மனைகள்: நாஞ்சில் நாட்டு இல்லச் சேமிப்பின் வரலாறு

புறநானூற்றின் 140-ஆம் பாட்டு நாஞ்சில் மலைத் தலைவனைப் பற்றியது, பாடியவர் ஔவையார். விறலியர் தோட்டத்தில் கொய்த கீரையின்மேல் தூவுதற்குச் சிறிது அரிசி வேண்டுமென்று கேட்க, அவன் மலைபோன்ற யானையைக் கொடுத்துவிட்டான் என்பது அப்பாட்டின் செய்தி. அவனை அறியாமையுடையவன் என்று பழிப்பதுபோலப் புகழ்கின்றார் புலவர். வள்ளண்மைக்குச் சான்றாக இப்பாட்டைக் காட்டுவது நம் மரபு. ஆயினும் இதனை மற்றொரு வகையிலும் படிக்க இடமுண்டு. கொடுத்தவன் அளவறியாதவன், கேட்டவர்களோ அளவறிந்தவர்கள். கையிலுள்ள கீரைக்கு எத்துணை அரிசி வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

யானையைப் பற்றி உரையாசிரியரும் வரலாற்றாசிரியரும் எழுதியுள்ளனர். அந்தச் சில அரிசி ஒரு மனைக்குள் எவ்வாறு வந்து சேர்ந்தது, மழைக்கும் பூச்சிக்கும் தப்பி எவ்வாறு ஆண்டு முழுவதும் காக்கப்பட்டது, அதனை அளந்த கை எவருடையது, அளக்கப்படாமல் விடுபட்டோர் எவர் என்ற வினாக்கள் மட்டும் எஞ்சி நிற்கின்றன. நம் இலக்கிய வட்டம் பத்தாண்டு நிறைவுறும் இவ்வேளையில், நாம் வாழும் கோட்டாற்றையும் அதனைச் சூழ்ந்த நாஞ்சில் நாட்டையும் களமாகக் கொண்டு அவ்வினாக்களுக்கு இயன்ற அளவில் விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கோட்டாறு: சந்தை தந்த தன்னிறைவு

கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் தாலமி குறிப்பிடும் கொட்டியாரா என்னும் நகரைக் கோட்டாறு என்றே அறிஞர் பலர் கொள்வர். சோழர் ஆட்சியில் இவ்வூர் மும்முடிச்சோழபுரம் எனப் பெயர் பெற்றது. முதற் குலோத்துங்கன் இங்கே நிலைப்படை ஒன்றை நிறுத்தினான் என அவன் மெய்க்கீர்த்தி கூறும். படைகள் இவ்வூரை நாடியதற்குக் காரணம் எளிதிற் புலப்படும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வரும் நெடுவழி ஒருபுறம். பழையாறு பாயும் நெல்வயல்கள் மறுபுறம். படைக்கு வழியும் வேண்டும், சோறும் வேண்டும்.

அவ்விரண்டுமே வணிகத்தையும் வளர்த்தன. கோட்டாற்றுக் கம்போளம் என்று நாம் இன்றும் வழங்கும் சந்தை, மலைவிளைபொருளும் வயல்விளைபொருளும் கடல்விளைபொருளும் கைமாறும் இடமாயிற்று. தாமரைக்குளம், இராஜாக்கமங்கலம் ஆகிய ஊர்களின் அளங்களிலிருந்து உப்பு வந்தது. பனங்காடுகளிலிருந்து கருப்பட்டியும், கடற்கரையிலிருந்து கருவாடும், மலையடிவாரத்திலிருந்து மிளகும் புளியும் வந்தன. கோட்டாறு, வடசேரிப் பகுதித் தறிகள் துணி தந்தன.

இதனை முதலிற் கூறுதற்குக் காரணம் உண்டு. பழைய குடும்பம் எதற்கும் வெளியே போகாமல் தன் தேவை அனைத்தையும் தானே விளைவித்துக்கொண்டது என்னும் எண்ணம் நம்மிடையே பரவலாக உள்ளது. நாஞ்சில் நாட்டைப் பொறுத்தவரை அது பொருந்தாது. உப்பு விளையாத வயற்காட்டு வீடும், நெல் விளையாத கடற்கரை வீடும் ஒன்றையொன்று சார்ந்தே நின்றன. ஒருநாள் நடைத் தொலைவுக்குள் எல்லாம் கிடைத்தமையால், சந்தை கூடாத நாளுக்கும் மழை விடாத வாரத்துக்கும் வேண்டியதை மட்டும் வீட்டில் வைத்திருந்தாற் போதும். தன்னிறைவு என்பது இங்கே தனித்திருத்தலைக் குறிக்கவில்லை. இடைவெளிகளைக் கடக்கும் ஆயத்தத்தையே குறித்தது.

இரண்டு பூ, ஓர் ஆண்டு

அவ்விடைவெளிகள் எவை என்பதை வேளாண்மைக் காலக்கணக்கே காட்டும். நாஞ்சில் நாட்டில் போகத்தைப் 'பூ' என்பர். கன்னி மாதமாகிய புரட்டாசியை ஒட்டி அறுவடையாவது கன்னிப்பூ. கும்ப மாதமாகிய மாசியை ஒட்டி அறுவடையாவது கும்பப்பூ. புரட்டாசிக்கும் மாசிக்கும் இடையே ஐந்து மாதம். மாசிக்கும் அடுத்த புரட்டாசிக்கும் இடையே ஏழு மாதம். இந்த ஏழு மாத இடைவெளியே இல்லத்தின் உண்மையான தேர்வு. அதன் நடுவே சித்திரையில் விதைப்பு வரும். ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவமழை பெய்யும். விதைநெல் வயலுக்குப் போய்விட்டது. புதுநெல் இன்னும் களத்துக்கு வரவில்லை. ஆடியில் அடுப்பு எரிந்த வீடே அளவறிந்த வீடு எனலாம்.

1897-இல் தொடங்கி 1906-இல் நிறைவுற்ற பேச்சிப்பாறை அணை, பழைய குளங்களுக்குக் கோதையாற்று நீரைச் சேர்த்து இவ்விரு பூக்களையும் உறுதிப்படுத்தியது. அவ்வணையைக் கட்டிய பொறியாளர் மிஞ்சினின் கல்லறையும் அங்கேயே உள்ளது. அணை நீருக்குப் பொறுப்பேற்றது. நெல்லைக் காப்பது மனையின் பொறுப்பாகவே தொடர்ந்தது.

நெல் வீட்டுக்கு வந்தவுடன் முதலில் ஒதுக்கப்படுவது விதை. நிலத்தையே 'இத்தனை கோட்டை விதைப்பாடு' என்று விதையளவால் குறித்த நாடு இது. ஒரு கோட்டை என்பது 21 மரக்கால். நிலத்தின் பெயரே விதையாக இருக்கும்போது, விதைநெல்லைக் குற்றித் தின்பது நிலத்தைத் தின்பதற்கு ஒப்பாகும். விதைக்குப் பின்னரே உணவு, கூலி, வரி, கோயிற்கடன் என்ற பகுப்புகள் வந்தன.

அரங்கும் பத்தாயமும்

நாஞ்சில் நாட்டுப் பெருங்குடி வீடுகளில் காற்றும் ஈரமும் எளிதிற் புகாத உள்ளறைக்கு அரங்கு என்று பெயர். நெல் சேர்த்துவைக்கப் பத்தாயம் இருந்தது. பலா, அயனி முதலிய மரப்பலகைகளால் செய்து, தரையின் ஈரம் ஏறாதபடி கால்கள்மீது நிறுத்தப்பட்ட பெரும்பெட்டி அது. முன்புறப் பலகைகளை, நெல் குறையக் குறைய ஒவ்வொன்றாகக் கழற்றும் அமைப்பும் உண்டு. எத்தனை பலகை கழன்றிருக்கின்றது என்பதைப் பார்த்த அளவிலேயே எத்தனை மாதம் தாங்கும் என்பதை வீட்டுப் பெண்கள் கணித்தனர்.

பெட்டி மட்டும் நெல்லைக் காப்பதில்லை. அதற்கு முந்திய உழைப்பே காக்கின்றது. நெல்லை முற்றத்தில் பரப்பிக் காலால் துழாவிக் காயவைத்து, ஒரு மணியைப் பல்லிடைக் கடித்துப் பார்ப்பர். நறுக்கென்று உடைந்தால் காய்ந்தது. நசுங்கினால் ஈரம் உள்ளது. ஈரம் நின்றால் பூஞ்சணம் பிடிக்கும், புழு வைக்கும். உண்ணும் நெல்லை அவித்துக் காயவைத்தால் மணி இறுகும். குற்றும்போது நொறுங்குவது குறையும். பயறு வகைகளுக்குச் செம்மண் கட்டுவதும், சாம்பல் கலப்பதும், ஆமணக்கெண்ணெய் தடவுவதும் பிற காப்புகள். நுண்ணிய மண்ணும் சாம்பலும் பூச்சியின் மேற்றோலைத் தேய்த்து அதன் உடல்நீரை வற்றச் செய்கின்றன என்று இன்றைய அறிவியல் விளக்கம் தருகின்றது. வேப்பிலை, நொச்சியிலை, வசம்பு ஆகியவை மணத்தால் பூச்சியை விரட்டின.

காய்கறி விதை அடுப்புக்கு மேலே புகைபடும் இடத்தில் தொங்கியது. கொட்டை நீக்கிய புளி உப்பிட்டுப் பானையில் அடைக்கப்பட்டது. உப்பு நீர்த்துப்போகாமல் உப்பு மரவையில் இருந்தது. பலாக்கொட்டை மணலில் புதைந்து மழைக்காலத்துக்குக் காத்திருந்தது. சேனையும் காச்சிலும் சேம்பும் சிறுகிழங்கும் மண்ணுக்குள்ளேயே பத்திரமாய் இருந்தன. தைப்பொங்கலுக்கு அவை ஒருங்கே முற்றத்தில் வந்து அமர்வதை நாம் அனைவரும் கண்டுள்ளோம். அஞ்சறைப்பெட்டியின் சுக்கும் மிளகும் ஓமமும் குழம்புக்கு மட்டுமல்லாமல் காய்ச்சலுக்கும் வயிற்றுவலிக்கும் முதல் மருந்தாயின. இரவில் சாம்பலுக்குள் மூடிவைத்த தணல் விடியலில் மீண்டும் எரிந்தது.

பத்மநாபபுரம் அரண்மனைக்குச் சென்றோர் அங்குள்ள பெரிய ஊட்டுப்புரையையும் ஊறுகாய் சேர்த்துவைத்த பெரும் சாடிகளையும் கண்டிருப்பர். அரசு மனையின் அறிவும் குடிமனையின் அறிவும் ஒன்றே. வேறுபாடு சாடியின் அளவில் மட்டும்தான்.

ஓலைகள் எழுதியதும் எழுதாததும்

இத்துணை நுட்பமான அறிவுக்கு எழுத்துச் சான்று எங்கே என்று தேடினால் ஏமாற்றமே மிஞ்சுகின்றது. நாஞ்சில் நாட்டு வரலாற்றுக்குக் கிடைத்த சிறந்த ஆவணங்களுள் அழகியபாண்டியபுரம் முதலியார் ஓலைகள் குறிப்பிடத்தக்கவை. அவற்றின் அருமையை உணர்ந்து தேடிப் படியெடுத்து வெளிப்படுத்தியவர் தேரூரில் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை (1876-1954). நிலம், வரி, ஊர்க்கூட்டத்தின் முடிவு முதலியவற்றை அவ்வோலைகள் சொல்கின்றன. ஆளை விற்ற செய்தியையும் சொல்கின்றன. அடிமை முறை திருவிதாங்கூரில் 1855-இல்தான் சட்டப்படி முற்றாக ஒழிக்கப்பட்டது. வயலில் விதைத்தோரும் அறுத்தோரும் அந்நாள்வரை விற்கவும் வாங்கவும் உரிய பொருளாயிருந்தனர் என்பதை மறந்துவிட்டுப் பத்தாயத்தின் நிறைவை நாம் பாட இயலாது.

ஒழிப்புக்குப் பின்னரும் கூலி நெல்லாகவே அளக்கப்பட்டது. மரக்காலைத் தலைதட்டி அளப்பதா, கூம்பாக அளப்பதா என்பதில் ஒரு குடிசையின் ஒருவேளைச் சோறு அடங்கியிருந்தது. உள்ளே அரங்கில் அளவறிதல் என்பது சிக்கனம். வெளியே களத்தில் அதே அளவறிதல் அதிகாரம்.

பெரிய வீட்டுக்குள்ளும் அனைவருக்கும் ஒரே உரிமை இருந்ததில்லை. மருமக்கள்வழி முறையைப் பின்பற்றிய நாஞ்சில் நாட்டு வேளாளர் குடும்பங்களில் சொத்து காரணவர் கையில் இருந்தது. அவருக்குப் பின் மருமக்களுக்குச் சென்றது. நெல்லை அவித்தும் காயவைத்தும் காத்த மனைவிக்கும் அவள் மக்களுக்கும் அப்பத்தாயத்தில் நிலையான உரிமை இல்லை. கவிமணி தம் மருமக்கள்வழி மான்மியத்தை ஒரு காரணவரின் மனைவி கூற்றாக அமைத்தது இந்த நுட்பம் கருதியே எனல் பொருந்தும். அந்நூலில் நகையும் உண்டு. அந்நகைக்கு அடியில், தான் காத்த வீட்டில் தனக்கு இடமில்லை என்று அறிந்தவளின் கணக்கும் உண்டு. மனைவி மக்களுக்கும் சொத்தில் உரிமை தரும் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் 1926-இல் வந்தது. இல்ல ஆயத்தத்தின் வரலாற்றில் அதுவும் ஒரு முதன்மையான நிகழ்ச்சியாகும். உரிமையில்லாத ஒருத்தியின் சேமிப்பு, அவளைக் காக்கும் சேமிப்பாகாது.

பத்தாயம் இல்லாத வீடுகள்

நாஞ்சில் நாட்டில் பத்தாயம் இல்லாத வீடுகளே மிகுதி. அவ்வீடுகளிலும் ஆயத்தம் இருந்தது. அதன் கருவிகள் வேறு.

பனை அவற்றுள் முதன்மையானது. அக்கானி என்று நாம் அழைக்கும் பதநீர், நெல்லுக்கு நெருக்கடியான வேனில் மாதங்களிலேயே சுரக்கின்றது. ஆண்கள் உயிரைப் பணயம் வைத்து ஏறி இறக்கியதை, பெண்கள் விறகு பொறுக்கி அடுப்பெரித்துக் காய்ச்சிக் கருப்பட்டியாக்கினர். அடுப்புக்கு மேற்பரணில் புகைபட வைத்த கருப்பட்டி மழைக்காலத்திலும் கசியாமல் நின்றது. ஊன்றிய பனங்கொட்டை மார்கழி, தையில் கிழங்கு தந்தது. அவித்துக் காயவைத்த கிழங்கு பின்னாளில் மாவாயிற்று. ஓலை பெட்டியாகவும் கடவமாகவும் சுளவாகவும் கூரையாகவும் உருமாறியது.

மரச்சீனிக் கிழங்கு மற்றொன்று. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த இப்பயிரைத் திருவிதாங்கூரில் பரப்புவதில் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் பெரும் ஊக்கம் காட்டினார். மன்னர் பரப்பியது பயிரை. அதனை உணவாக்கியது அடுக்களை. மரச்சீனியில் நச்சுக்கூறு உண்டு. நிறைய நீரில் வேகவைத்து நீரை வடித்துக் கொட்ட வேண்டும். அல்லது அரிந்து அரைவேக்காடாக அவித்து வெயிலில் உலர்த்த வேண்டும். புதியதொரு கிழங்கின் நஞ்சை நீக்கி, அதனை ஆண்டு முழுவதும் வைத்திருக்கத்தக்க வற்றலாக மாற்றும் முறை இரண்டு தலைமுறைக்குள் ஏழை வீடுகளில் நிலைபெற்றுவிட்டது.

கடற்கரையில், கடல் சீறும் மாதங்களுக்காக மீன் உப்பிட்டு உலர்த்தப்பட்டது. இவையெல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று இருந்தது: பிடியரிசி. உலையில் இடுவதற்கு முன் அளந்த அரிசியிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துத் தனிப்பானையில் இடுவது. உண்பவருக்கு அக்குறைவு தெரியாது. மாத முடிவில் பானைக்குத் தெரியும். கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் ஏழைகளுக்கும் பிடியரிசி கொடுத்த வழக்கமும் இதன் வழியே வளர்ந்தது. பத்தாயம் மிகுதியிலிருந்து சேர்ந்தது. பிடியரிசி பற்றாக்குறையிலிருந்து சேர்ந்தது.

1942: ஆயத்தம் தேர்வுக்கு வந்த ஆண்டு

திருவிதாங்கூர் தனக்கு வேண்டிய அரிசியில் பாதிக்கும் குறைவாகவே விளைவித்து வந்தது. எஞ்சிய தேவைக்குப் பர்மா அரிசியையே பெரிதும் நம்பியிருந்தது. 1942 மார்ச்சு மாதம் இரங்கூன் சப்பானியர் வசமாயிற்று, கப்பல் நின்றது. எங்கோ நிகழ்ந்த போர் இங்கே அடுப்பை அணைத்தது. கே. ஜி. சிவசாமியும் அவருடன் பணியாற்றியோரும் 1945-இல் வெளியிட்ட ஆய்வு, 1943-44 ஆம் ஆண்டுகளில் திருவிதாங்கூரில் நேர்ந்த உணவுப் பஞ்சத்தையும் ஊட்டக்குறை நோய்களையும் பதிவுசெய்துள்ளது.

நாட்டின் நெற்களஞ்சியம் எனப் பெயர்பெற்ற நாஞ்சில் நாட்டு நெல்லை அரசு கொள்முதல் செய்தது. அரிசி பங்கீட்டு முறையில் வழங்கப்பட்டது. அப்பொழுதுதான் ஓர் உண்மை வெளிப்பட்டது. தனிவீட்டின் பத்தாயம் தன் வீட்டாரைக் காக்கலாம். ஒரு நாட்டைக் காக்க அதனால் இயலாது. விலைக்கு அரிசி வாங்கி உண்டவர்களும், கூலி நெல்லை நம்பியவர்களும் மரச்சீனியால் உயிர்தாங்கினர். அரசர் பத்தாயமும் நிலக்கிழார் பத்தாயமும் செய்யாத உதவியை ஏழைவீட்டு வற்றல் ஓரளவு செய்தது.

இதன் தொடர்ச்சியாகவே பிற்கால நியாயவிலைக் கடைகளைக் காணல் வேண்டும். 1956 நவம்பர் 1-இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்துடன் இணைந்தது. தமிழகத்தில் 2011 சூன் முதல் குடும்ப அட்டைக்கு அரிசி விலையின்றி வழங்கப்படுகின்றது. அதன் தரத்தில் குறை கூறுவோர் உளர். ஆயினும் தலைதட்டாத மரக்காலுக்காகக் களத்தில் கைகட்டி நின்றவர்களின் பேரர்கள் இன்று உரிமையோடு வரிசையில் நிற்கின்றனர். சாதியும் மருமக்கள்வழியும் பாராத பத்தாயம் அது.

ஓகிக்குப் பின்

அவ்வாறாயின் பழைய இல்ல அறிவு தேவையற்றதாகிவிட்டதா? 2017 நவம்பர் 30-ஆம் நாள் ஓகிப் புயல் இதற்கு விடை கூறியது. கடலுக்குச் சென்ற மீனவர் பலர் திரும்பவில்லை. மரங்களும் மின்கம்பங்களும் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. பல ஊர்களில் பல நாள் மின்சாரம் இல்லை. ஆழ்துளைக் கிணற்று நீர் மேலே ஏறவில்லை. கயிறும் உருளையும் உள்ள கிணறு ஒரு தெருவுக்கே நீர் தந்தது. மாவரைக்கும் பொறி நின்றது. கொல்லையில் கவிழ்ந்து கிடந்த அம்மி நிமிர்ந்தது. 2020 மார்ச்சில் நாடு முழுவதும் அடங்கியபோதும் முருங்கையும் கீரையும் நின்ற கொல்லைகளின் மதிப்பு மீண்டும் தெரிந்தது. களஞ்சியம் அரசுடையதாக இருக்கலாம். அது நம்மை வந்தடையும் வரையிலான சில நாள் இடைவெளி இன்றும் மனையினுடையதே.

விதையிலும் இதே நிலை. 1966-இல் வெளிவந்த ஐ.ஆர்.8 நெல் பழைய வகைகளைப் பின்தள்ளியது. ஆயினும் திருப்பதிசாரம் ஆராய்ச்சி நிலையத்தில் உருவாகி 1985-இல் வெளியிடப்பட்ட டி.பி.எஸ்.1 என்னும் நெல், ஐ.ஆர்.8-ஐயும் நம் கட்டிச்சம்பாவையும் கலந்து பெற்றதாகும். எவளோ ஒருத்தி ஆடி மாதத்துப் பசியிலும் உண்ணாமல் காத்த விதைநெல்லே அறிவியலாருக்கும் உதவியது.

நமக்குரிய பணி

வகுப்பில் 'உறி' என்ற சொல் வரும்போது, கண்ணன் வெண்ணெய் திருடிய உறி என்று மாணவியர் உடனே கூறுகின்றனர். ஆழ்வார் பாசுரத்தில் உறி இருக்கின்றது. அவர்கள் அடுக்களையில் இல்லை. அரங்கு என்றால் நாடகமேடை என்கின்றனர். மரவை, சுளவு, கடவம் என்பன அவர்களுக்கு அகராதிச் சொற்களாகிவிட்டன. ஒரு சொல் வழக்கொழியும்போது அதனுடன் ஒரு செய்முறையும் ஒழிகின்றது. நெல்மணியைக் கடித்துப் பார்த்து ஈரம் அறிவது எப்படி என்பதை எந்த ஓலையும் எழுதவில்லை. அதனை அறிந்த மூதாட்டியர் சிலரே இன்று நம்மிடையே உள்ளனர்.

நம் வட்டத்தின் உறுப்பினர் ஒவ்வொருவர் வீட்டிலும் அல்லது அண்டைவீட்டிலும் அத்தகையோர் ஒருவரேனும் இருப்பர். வயல்வீடு, பனைவீடு, கடற்கரைவீடு, தறிவீடு என எவ்வகை வீட்டையும் விலக்காமல், அவர்கள் வாய்மொழியை அவர்கள் சொல்லிலேயே எழுதிவைத்தல் வேண்டும். பொருளின் பெயர், அளவு, மாதம், செய்முறை ஆகிய நான்கையும் குறித்தாற் போதும். கூடவே, அப்பொருள் தீர்ந்த நாளில் என்ன செய்தீர்கள் என்ற வினாவையும் கேட்க மறத்தலாகாது. பத்தாயம் இருந்த வீட்டாரும் இல்லாத வீட்டாரும் வேறு வேறு விடை தருவர். அவ்விரு விடைகளும் ஒரே ஏட்டில் இடம்பெறும்போதுதான் அது நாஞ்சில் நாட்டின் முழு வரலாறாகும்.

கவிமணி ஓலைகளைத் தேடி வீடுவீடாகச் சென்றார். நாம் தேட வேண்டியவை ஓலையில் ஏறாதவை. இப்பணியை வரும் தைப்பொங்கலுக்கு முன்பே தொடங்குவோமாயின், கிழங்குகள் முற்றத்துக்கு வரும் நாளில் அவற்றின் பெயர்களையேனும் நம் ஏட்டில் சேர்த்திருப்போம்.